தபால் அதிபரின் மகன்

என் தகப்பனார் ஒரு தபால் அதிபர். ஊர்காவற்றுறையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர். அவருக்குக் கோபம் வந்து யாரும் கண்டதில்லை. மழைக்காலத்தில் பென்சன் எடுக்க வரமுடியாத கிழவிகளுக்குத் தானே சைக்கிளில் போய்க் காசைக் கொடுத்துவிட்டு வருவார். இவருடைய கடைசி நாட்களைப் பற்றி நான் சொல்லக் கேட்டு, லண்டனில் ஈஸ்ட் ஹாம் கலியாண மண்டபம் ஒன்றில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது உண்டு.

அப்படி ஒரு ஆள் இருந்ததில்லை. முழுவதும் என் கைவேலை.

வேறு வழி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தார் இருவர் லண்டனில் எங்கே சந்தித்தாலும், அது பல் வைத்தியரின் நாற்காலியாக இருந்தாலும், முதல் கேள்வி "ஊரிலை எவடம்?" என்பது. இரண்டாவது "ஆற்றை மகன்?", யாருடைய மகன் என்பது. இரண்டுக்கும் பதில் சொன்னால் மூன்றாவது கேள்வி தேவையில்லை, உங்கள் பரம்பரையே மேசைக்கு வந்துவிடும். ஆகவே இருபத்திரண்டு வயதில் நான் ஒரு தபால் அதிபரைச் செய்துகொண்டேன். தீவுப்பக்கம் என்றால், லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற இடத்தில் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. தபால் அதிபர் என்றால் யாருக்கும் பகையும் இருக்காது.

உண்மையான அப்பாவுக்கு இயக்கத்தில் "கண்ணாடி" என்று பெயர். தடித்த கண்ணாடி போடுவார். எந்த இயக்கம் என்பது வேண்டாம். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைகளைவிட இயக்கங்கள் அதிகம், எல்லாவற்றுக்கும் இங்கிலிசில் மூன்று நான்கு எழுத்து. மற்ற இயக்கத்துப் பிள்ளைகளைப் பிடித்து விசாரிப்பது அப்பாவின் பொறுப்பு. விசாரணை என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே போனவர்களில் திரும்பி வந்தவர்கள் சிலர்.

எனக்கு இது தெரியவந்தது லண்டனுக்கு வந்தபிறகு, ஒரு கலியாணச் சாப்பாட்டு மேசையில். எதிரே இருந்த மனிதர் பாதிச் சோற்றில் எழுந்து வந்து, அப்பாவின் முன்னால் வலக்கையை விரித்து வைத்தார். ஐந்து விரலிலும் நகம் இல்லை. "கண்ணாடி, ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டார். அப்பா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பரிமாறுகிற பொடியனைக் கூப்பிட்டுப் பாயாசம் கேட்டார். அடுத்த கிழமை தபால் அதிபர் பிறந்தார்.

அப்பா சில வருடங்களுக்கு முன் சீனி வியாதியில் காலமானார், மூன்று தலையணை வைத்த கட்டிலில், சுற்றிவர ஆட்கள் நிற்க. யாழ்ப்பாணத்தில், உரும்பிராயில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டை விற்கலாமா என்று அவர் இருக்கும்போதே ஒருதரம் கேட்டேன். "விக்க வேண்டாம். கிணத்தடிப் பக்கம் ஒருத்தரையும் விடாதை" என்றார். அந்தக் கிணற்றை எப்போதோ கொங்கிறீட் போட்டு மூடியிருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்குப் பிறவியிலேயே ஒரு திறமை இருக்கிறது.

இதில் வேடிக்கை, நான் பார்க்கும் உத்தியோகம். கவுன்சிலில், பார்க்கிங் அபராதத்துக்கு வருகிற முறையீடுகளை வாசித்து முடிவு சொல்லும் பகுதி. "மாமியாருக்கு மயக்கம் வந்துவிட்டது", "மரக்கிளை பலகையை மறைத்துவிட்டது" என்று எழுதுவார்கள். தக்க சான்று இல்லை என்று திருப்பி அனுப்புவேன். அப்பாவின் சாட்டு ஒன்றே ஒன்றுதான்: "காலம் அப்பிடி." மஞ்சள் கோட்டில் கார் விட்டதற்குக்கூட அந்தச் சாட்டை நான் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அதே மனிதருக்கு நேரம் தவறாமல் இன்சுலின் ஏற்றியவனும் நான்தான்.

எனக்கு ஆறுதலாக இருந்தது அம்மா. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். பாவம், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. இயக்கம் எங்கள் உரும்பிராய் வீட்டை முகாமாக எடுத்தபோது நாங்கள் பக்கத்து ஒழுங்கையில் மாமா வீட்டுக்குப் போய்விட்டோம். அம்மா பகலில் போய்ப் பொடியளுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு வருவார், அவ்வளவுதான். இங்கே மிச்சத்தில் எங்கள் வாசலுக்கு வருகிற எவரும் தண்ணீர் குடிக்காமல் போனதில்லை. பார்சல் கொண்டு வருபவன், மீற்றர் பார்க்க வருபவள், மதம் மாற்ற வருகிற இரண்டு பேர், எல்லாருக்கும் அம்மா தம்ளரோடு வந்து நிற்பார். அப்பா செய்ததற்கெல்லாம் அம்மாவின் தண்ணீர் பிராயச்சித்தம் என்று நான் மனதுக்குள் ஒரு தீர்ப்பும் எழுதி வைத்திருந்தேன். அதற்கு மட்டும் சான்று கேட்கவில்லை.

"நீங்கள் நித்திரையிலை 'சொறி, சொறி' எண்டு மன்னிப்புக் கேக்கிறியள்" என்றாள் ஒருநாள் என் மனைவி வான்மதி. "அதுவும் இங்கிலிசிலை. எங்கையாவது போய் ஆரோடையாவது கதையுங்கோ."

அப்படித்தான் வால்தம்ஸ்டோ போனேன். அங்கே ஒரு தேவாலய மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, போரில் கொடுமை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடுவார்கள். மிச்சத்திலிருந்து லண்டனின் மறுகரைக்கு, ஒரு பஸ், இரண்டு ரயில். உண்மை பேச அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது. கூட்டத்தை நடத்தியவர் உர்சுலா, ஜெர்மன்காரி. அவருடைய பாட்டனார் போலந்தில் ஒரு முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர். கோரான் என்று ஒரு சேர்பியர், தகப்பன் இன்னும் சிறையில். எங்கே போனாலும் எங்களுக்குச் சாதி பார்க்காமல் முடியாதல்லவா, அங்கேயும் நான் பார்த்தேன். உர்சுலா மேல்சாதி. புத்தகங்களில் வருகிற பாட்டனார். என் அப்பாவின் பெயரோ ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பில்கூட இல்லை. முதல் நாள் நான் உண்மையிலேயே கொஞ்சம் கூனிப்போனேன்.

எனக்கு நேரம் தந்தபோது, முதலில் இலங்கை எங்கே இருக்கிறது என்று விளக்கினேன். பிறகு யாழ்ப்பாணம். பிறகு இயக்கங்களின் வரலாறு. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடங்கினேன். ஆறு மாதமாகியும் நான் யாழ்ப்பாணத்து வாசலான ஆனையிறவைத் தாண்டவில்லை. அவர்கள் பொறுமையான சனம். கோரான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் படம்கூடக் கீறிக்கொண்டார். வான்மதி செய்து தரும் மட்டன் ரோல்சுக்கு நல்ல பெயர் கிடைத்தது. அப்பா பத்திரமாக இருந்தார்.

பிறகு உர்சுலா ஒரு யோசனை சொன்னார். வருடத்தில் ஒருநாள் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களைக் கூப்பிட்டு, நாங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பது. அறிவித்தலை நான் தமிழில் எழுதி எங்கள் ஆட்களின் கடைகளில் ஒட்டவேண்டும். மறுக்க முடியவில்லை. ஆகவே மேடைப் பேச்சாளர்களுக்கே மூச்சு வாங்கும் தமிழில் எழுதினேன்: "போர்ப் பாதகம் புரிந்தோர்தம் வழித்தோன்றல்கள் செவிமடுக்கும் நன்னாள்." மிச்சத்தில் ஒட்டினால் என்னை அறிந்தவர்கள் வந்துவிடுவார்கள் என்று, எனக்கு ஒருவரையும் தெரியாத குட்மேய்ஸ் வரை போய், ஒரே ஒரு கடையில், மீன் பெட்டிக்குப் பின்பக்கச் சுவரில் ஒட்டினேன். வேலையைத் திறம்படச் செய்துவிட்ட திருப்தியோடு வீடு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ரோல்ஸ் பெட்டியோடு உள்ளே போனால், தேநீர் மேசையடியில் ஒரு தமிழ்ப் பெண் நிற்கிறார். அறுபது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் துணிப்பை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தம்பி தமிழோ? நல்லதாப் போச்சு. நான் மேரிசாந்தி. குட்மேய்சிலையிருந்து வாறன். மீன் வாங்கப் போன இடத்திலை நோட்டீசைக் கண்டனான். ஆரோ பண்டிதர் எழுதியிருக்கிறார், ஆனா விளங்கினது. தம்பி ஊரிலை எவடம்?"

"ஊர்காவற்றுறை, அக்கா."

"ஆற்றை மகன்?"

"தபால் அதிபற்றை மகன்." நாக்குத் தானாகச் சொல்லிவிட்டது. அத்தனை வருடப் பழக்கம்.

"நல்ல உத்தியோகம்" என்றார். நான் ஒரு ரோல்சை எடுத்து நீட்டினேன். ஒரு துடைக்கும் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

உர்சுலா வந்து, அக்கா தமிழில் பேச விரும்புகிறார், மொழிபெயர்க்க முடியுமா என்று என்னைக் கேட்டார். தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எல்லாரும் வட்டமாக இருந்தோம். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"என்ரை தம்பி கிளின்ரன். பாஷையூர் எங்களுக்கு. எண்பத்தாறிலை அவனுக்குப் பதினெட்டு. ஒரு இயக்கத்துக்குப் போஸ்டர் ஒட்டப் போன பொடியளுக்குப் பசை வாளி தூக்கினவன். அதுதான் அவன் செய்த குற்றம். மற்ற இயக்கம் வந்து பிடிச்சுக்கொண்டு போட்டுது. கண்ணாடி எண்டு ஒரு பேய். அவன்தான் கொண்டு போனவன்."

யாழ்ப்பாணம் அவ்வளவு சின்ன இடம் என்பதை, ஆறு மாதமாக அதை விளக்கிக்கொண்டிருந்த நான் மறந்துவிட்டேன். இங்கிலிசில் சொன்னேன்: அவருடைய தம்பி ஒரு தொண்டர், சில சிக்கல்கள் ஏற்பட்டன, கண்ணாடி அணிந்த ஒருவர் அவரை அழைத்துப் போனார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் முப்பது வரியமா இஞ்சை பள்ளிக்கூடக் குசினியிலை வேலை செய்தனான். இங்கிலிஸ் விளங்கும். இதை அந்தப் பாஷையிலை சொல்ல விருப்பமில்லை, அவ்வளவுதான். 'சில சிக்கல்' எண்டு நான் சொல்லேல்லை. 'அழைச்சு' எண்டும் சொல்லேல்லை. பேய் எண்டு சொன்னனான்."

"ஓம் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பேய் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். என் அப்பா ஒரு பேய் என்று இங்கிலிசில், வால்தம்ஸ்டோவில், வெள்ளைக்காரருக்கு முன்னால் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. அதைத் தடிமன் போல இருமி மறைத்தேன். உர்சுலா தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினார். அவருடைய பார்வை என்னில் கொஞ்சம் கூடுதலாக நின்றது.

அக்கா தொடர்ந்தார். தம்பியைக் கேட்டு முகாம் முகாமாக அலைந்தது. தாய் சோறு தின்னாமல் இருந்தே இறந்தது. இப்போது தனக்கு ஒரு ஆசைதான், எலும்பை எடுத்துப் பாஷையூர்ச் சேமக்காலையில், தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் இந்தமுறை நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அக்கா திடீரென்று என்னைக் கேட்டார். "தம்பி, இது செய்தவேன்ரை பிள்ளையளின்ரை கூட்டம் எண்டுதானே நோட்டீசிலை இருந்தது?"

"ஓம்."

"நீங்கள் மொழிபெயர்க்க மட்டும் வந்தனீங்களோ?"

"இல்லை. நான் ஒவ்வொரு மாதமும் வாறனான்."

"அப்ப தபால் அதிபர் என்ன செய்தவர்? முத்திரை இல்லாமல் கடிதம் போட்டவரோ?"

நல்லவர் ஒருவரைத் தகப்பனாக்கினால் கெட்டவர்களின் பிள்ளைகள் கூடுகிற இடத்தில் என்ன காரணம் சொல்வது என்பதை, இத்தனை வருடத்தில் நான் ஒருதரமும் யோசித்ததில்லை.

அக்கா கோபிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் விசாரிக்கிற முறையில், அமைதியாக, அடுத்ததைக் கேட்டார். "சரி, அப்பாவின்ரை ஊரை விடுங்கோ. அம்மாவுக்குச் சீதனம் குடுத்த வீடு எவடத்திலை?"

இங்கேதான் அகப்பட்டேன். பொய் அப்பா ஒருவரைச் சைக்கிளும் பென்சன் கிழவிகளுமாக இத்தனை காலம் வளர்த்த நான், பொய் அம்மா ஒருத்தியைச் செய்து வைக்க மறந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆண்பிள்ளை எந்த ஊரில் பிறந்தாலும் குடியிருப்பது பெண்சாதியின் சீதன வீட்டில்தான். இதைத் தெரியாத யாழ்ப்பாணத்தான் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்னிடம் உண்மையைத் தவிர வேறு பதில் இல்லை.

"உரும்பிராய்" என்றேன்.

"உரும்பிராயிலை?"

"சந்தைக்குப் பின்னாலை போற ஒழுங்கை. கடைசி வீடு."

"பச்சைக் கேற்றோ?"

"ஓம்."

"முன்னுக்கு ரெண்டு மாமரம்."

"ஓம் அக்கா."

அவருடைய கை துணிப்பையை இறுக்கிப் பிடித்தது. அறைந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். "அப்ப நீர் கண்ணாடியின்ரை பெடியன்" என்றார். 'நீங்கள்' போய் 'நீர்' ஆகியிருந்தது. ஓம் என்றேன். எங்கள் கிணற்றைப் பற்றியும், கொங்கிறீட்டைப் பற்றியும், அப்பா சொன்னதைப் பற்றியும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். என் வெட்கம், என் நித்திரையின்மை, பாயாசம் எல்லாம் வந்தது.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "உம்மடை கவலை எனக்கு வேண்டாம். எனக்கு அதை வைச்சு ஒண்டும் செய்யேலாது. கிணறு எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எப்பிடி?"

"சைக்கிளிலை போனனான், பாஷையூரிலையிருந்து. சரியான வெயில். கேற்றடியிலை நிண்டு தம்பியைக் கேட்டன், தெரியாது எண்டவை. உள்ளையிருந்து ஒரு மனிசி வந்தவ. சமைக்கிற மனிசி எண்டு நினைச்சனான், கையிலை அகப்பை இருந்தது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ எண்டு கேட்டன். தண்ணி இல்லை, பிள்ளை, போ எண்டவ. உரும்பிராயிலை, கிணறு இருக்கிற வீட்டிலை, வாசலுக்கு வந்த பிள்ளைக்குத் தண்ணி இல்லை எண்டு ஆரும் சொல்லுவினமோ? அந்தத் தண்ணியைக் குடிக்கக் குடுக்கேலாது எண்டுதானே சொன்னவ. அது எனக்கு அங்கேயே விளங்கிப்போச்சு."

அக்கா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"லோயர் சொன்னவர், வீட்டுக்காரர் சம்மதிச்சால் கோட்டிலை கேட்டுக் கிண்டலாம் எண்டு. ஊரிலை விசாரிச்சால், வீட்டுக்காரி லண்டனிலை எண்டு சொல்லுகினம். லண்டனிலை எவடம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது." என்னை நேராகப் பார்த்தார். "வீடு இப்ப ஆற்றை பேரிலை?"

"அம்மான்ரை பேரிலை."

"இருக்கிறாவோ?"

"ஓம். மிச்சத்திலை, என்னோடை."

"அப்ப போய்க் கேளும்" என்றார். தன் தொலைபேசி இலக்கத்தை என் போனில் தானே அழுத்திப் பதிந்தார். எழுந்து போகும்போது பையைத் திறந்து, சுற்றி வைத்திருந்த ரோல்சை எடுத்து, மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் என்ன சொன்னார் என்று உர்சுலா கேட்டார். அம்மாவிடம் போகச் சொன்னார் என்று மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் பிசகவில்லை.

திரும்பும் வழி முழுவதும் அம்மாவுக்காக வாதாடினேன். அந்த மனிசி வேறு யாராகவும் இருக்கலாம். அகப்பை எல்லாரிடமும் இருக்கும். அம்மாவுக்குப் பயமாக இருந்திருக்கும். எல்லாம் எனக்கு நன்றாகப் பழக்கமான வாசகங்கள். கிழமைக்கு நூறு வாசிக்கிறவன் நான்.

கதவைத் திறந்தது அம்மாதான். "களைச்சுப்போனாய். இந்தா, குடி" என்று தம்ளரை நீட்டினார். வாங்கினேன். குடிக்க முடியவில்லை. வரவேற்பறையில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, எண்பத்தாறிலை உரும்பிராய் வீட்டுக் கேற்றிலை ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்து தண்ணி கேட்டதாம். நீங்கள் இல்லை எண்டு சொன்னனீங்களாம்."

அம்மா போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். கதிரையில் இருந்தார். சீலைத் தலைப்பால் முழங்காலைத் துடைத்தார், அங்கே ஒன்றும் இல்லை.

"எந்தப் பிள்ளை?" என்றார்.

நான் தம்ளரை மேசையில் வைத்தேன்.

"கனபேர் வந்து கேட்டவை" என்றார் அம்மா. "தாய்மார், சகோதரியள். எல்லாரும் வெயிலுக்கை நடந்து வந்து தண்ணி கேட்பினம். நான் என்ன செய்ய? அதை எப்பிடிக் குடுக்கிறது?" அவருடைய குரல் உடையவில்லை. "இண்டைக்கும் ஆரும் மணி அடிச்சால் எனக்கு முதல் தண்ணிதான் ஞாபகம் வரும்."

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னது யார் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. பொய் அம்மா ஒருத்தியை நான் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செய்து, வீட்டிலேயே வைத்து, அவர் கையால் சாப்பிட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன். எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது, அவர் காலில் விழுந்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

"அந்தப் பிள்ளைக்குத் தம்பியின்ரை எலும்பு வேணுமாம். நீங்கள் சம்மதிச்சுக் கையெழுத்து வைச்சால் கிண்டலாமாம்."

அம்மா எழுந்து சாமித்தட்டடிக்குப் போனார். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, திருநீறு படிந்த ஒரு திறப்பை, உரும்பிராய் வீட்டுச் சாவியை, எடுத்து வந்து தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். நான் தினமும் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிற தட்டு அது.

"அப்பா செத்தண்டு நீ கேட்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். "நீ கேக்கேல்லை. எங்கை வைக்க வேணுமெண்டு சொல்லு, கையெழுத்து வைக்கிறன்."

போனை எடுத்து மேரிசாந்தி அக்காவின் இலக்கத்தை அழுத்தினேன். நெடுநேரம் அடித்தது. என் இலக்கம் அவரிடம் இல்லை.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணாடியின்ரை மகன்" என்றேன்.